கீழ்ப்பிரிவின் வீட்டுத்தோட்டம்

ஓய்வுபெற்றவர்களிடம் கட்டுரை கேட்கிறவர்கள் தலைப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். எங்கள் பழைய காரியாலயத்தின் நினைவு மலருக்காகப் பேசிய இளம் உத்தியோகத்தர், "மேடம், சவால்களும் சாதனைகளும் என்று இரண்டு பக்கம் போதும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். சவால் என்றால் எங்கள் ஜீப்பின் பிரேக். சாதனை என்றால் அந்த ஜீப்பில் ஊவாவின் வளைவுகளையெல்லாம் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பியது. இரண்டு பக்கத்துக்கு இது காணாது.

பேச்சை முடிக்கும்போது அந்தப் பிள்ளை இன்னொன்றும் கேட்டார்: "அந்தக் காலத்து நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஆட்களே இல்லையே, ஏன் மேடம்?" நல்ல கேள்வி. மலருக்கு ஏற்ற கேள்வி அல்ல. ஆகவே அதற்கே பதில் எழுதுகிறேன்.

இன்று கைத்தொலைபேசியில் இரண்டு விரலால் விரித்தால் கூரையும் தெரிகிறது, கூரைக்கு மேல் வைத்த டயரும் தெரிகிறது. எண்பதுகளின் நடுப்பகுதியில் செய்மதிக்கு அவ்வளவு கண் கிடையாது. அதற்கு மனிதர் தெரியாது, வீடும் தெரியாது. மரம் தெரியும். பல மரங்கள் கலந்து கூட்டமாக நின்றால் அங்கே ஆள் இருக்கிறது என்று நாங்கள் ஊகிப்போம். அந்த ஊகத்துக்கு அரசாங்கம் சம்பளம் தந்தது.

எனக்குச் சொந்த ஊர் பதுளை. வாப்பாவுக்குக் கடைவீதியில் புடவைக்கடை. தியத்தலாவையில் நில அளவையும் கொழும்பில் செய்மதிப் படம் வாசிப்பதும் படித்துவிட்டு வந்தேன். மகள் மலை மலையாக ஏறுவதை வாப்பா விரும்பவில்லை. "படம் பார்க்கிற பிரிவு" என்று சொன்னதும் சம்மதித்தார். மின்விசிறிக்குக் கீழே குந்தியிருந்து ஏதோ படம் பார்ப்பேன் என்று நினைத்துவிட்டார். நான் அவருடைய நினைப்பைக் கலைக்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விரிவுரைகள் நீளமாக இருந்தன, மதியச் சோறு சிறிதாக இருந்தது.

வேலை இப்படித்தான் நடக்கும். கொழும்பிலிருந்து மட்டைக் குழாய்க்குள் சுருட்டிய பெரிய படங்கள் வரும். அந்தப் படத்தில் பச்சையே இருக்காது. உயிருள்ள இலை சிவப்பாகத் தெரியும்படி செய்யப்பட்டிருக்கும். நன்றாகப் பராமரித்த தேயிலை வழவழப்பான சிவப்பு. காடு கறுஞ்சிவப்பு. புல்மலை வெளுத்துப்போன ரோசா. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குக்குக் கிளறிப் போட்ட மண் நீலம் கலந்த சாம்பல். வீட்டுத்தோட்டம் மட்டும் தனி ரகம்: பலா, தென்னை, கமுகு, கோப்பி எல்லாம் கலந்து நிற்பதால் கறுஞ்சிவப்புத் துணியைக் கரப்பான் கடித்ததுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். புடவைக்கடையில் வளர்ந்தவளுக்கு இந்த வேறுபாடுகள் சிரமமாக இல்லை. மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவர் முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எப்ப நெருப்புப் பிடிச்சது?" என்று பதறினார்.

படத்தை வெளிச்ச மேசையில் வைத்து, மேலே ஒளிபுகும் தாளை ஒட்டி, ஒவ்வொரு திட்டையும் மெல்லிய பேனாவால் சுற்றி வரைந்து, உள்ளே அதற்குரிய குறியீட்டை எழுத வேண்டும். தீக்குச்சித் தலையை விடச் சிறிய திட்டை வரையக்கூடாது. அது பக்கத்து நிலத்தோடு சேர்ந்துவிடும். பிறகு சந்தேகமான இடங்களுக்குப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துத் திருத்தியதைக் கணினியில் ஏற்ற வேண்டும். கடைசிப் படி அப்போது புதிது. குளிரூட்டிய அறையில் இருந்த அந்தக் கணினிக்கு எங்களைவிட மரியாதை அதிகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். எங்கள் பிரிவின் தலைவர் மட்டும் சப்பாத்தோடு போவார்.

அவர் திரு. இளையதம்பி. யாழ்ப்பாணத்தவர். பென்சில்களை பிளேடால் சீவி, கடினமானதிலிருந்து மென்மையானதுவரை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அந்த வரிசையில் ஒன்றை மாற்றி வைத்தால் அன்று முழுவதும் ஒருவருக்கும் விடுமுறை கிடைக்காது. பிழை கண்டால் திட்டமாட்டார். பிழையான இடத்தில் ஓர் அழிறப்பரை வைத்துவிட்டுப் போய்விடுவார். வந்து பார்த்தால் ஹாலிஎலைக்கு மேல் அழிறப்பர் குந்தியிருக்கும். ஒருநாள் என் நாற்காலியில் அழிறப்பர் இருந்தது. அது மறந்து வைத்ததா, அபிப்பிராயமா என்று இன்றுவரை தெரியாது.

அவர் வெளிக்களத்துக்குப் போவதே இல்லை. வளைவில் ஜீப் திரும்பினால் அவருக்கு வாந்தி வந்துவிடும். வளைவில்லாத பாதை பதுளையில் ரயில்வே மேடை ஒன்றுதான். ஆகவே உலகத்தை வெளிச்ச மேசையிலேயே பார்த்துக்கொண்டார். "படத்தில இல்லாதது பூமியில இருக்கலாம் பிள்ளை. ஆனா எங்கட பொறுப்பில இல்லை" என்பார்.

அந்த வருடம் எங்கள் வரைபடத்துக்கு ஒரு வேலை வந்தது. புல்மலைகளிலும் கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளிலும் பைன் மரம் நடுவதற்கு ஒரு திட்டம். எங்கே நடுவது என்பதைக் கச்சேரியில் ஒரு குழு வரைபடத்தை வைத்துத் தீர்மானிக்கும். அவர்களின் விதி சுருக்கமானது: வரைபடத்தில் குடியிருப்பு இருந்தால் அந்த இடத்தையும் அதற்குத் தண்ணீர் வரும் மேற்சரிவையும் விட்டுவிட வேண்டும். குடியிருப்பு இல்லையென்றால் பைன்.

ஸ்பிரிங்வெளிப் பாதையிலிருந்து பிரிந்து போகும் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதன் கீழ்ப்பிரிவு படத்தில் பரிதாபமாக இருந்தது. ஐதான, பராமரிப்பில்லாத தேயிலை; அதற்கு மேல் புல்மலை. பைன்காரர்கள் ஆசைப்படக்கூடிய இடம். நடுவில் மட்டும் கறுஞ்சிவப்பாக, புள்ளி புள்ளியாக, பாடப்புத்தகத்தில் அச்சடிக்கக்கூடிய வீட்டுத்தோட்டம் ஒன்று. அடர்த்தியான மரங்கள், பல வகை. நல்ல பழைய குடியிருப்பு என்று மகிழ்ந்து வீட்டுத்தோட்டக் குறியீட்டை எழுதினேன். வீட்டுத்தோட்டம் குடியிருப்பு வகையில் சேரும்; ஆகவே குழுவின் விதிப்படி அந்தப் பிரிவு தப்பியது. பார்த்து உறுதிப்படுத்துவது மட்டும் பாக்கி.

பார்க்கப் போனேன். சாரதி குணதாச ஜீப்பை மேலே நிறுத்திச் சில்லுக்குக் கல் வைத்தார். நான் படத்தோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். மரங்கள் இருந்தன. கொய்யா, பலா, ஆனைக்கொய்யா, மா. வீடு இல்லை. மதியத் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டு முடித்துக் கூடையோடு ஒரு பெண் வந்தார். பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது.

"இங்க வீடுகள் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"யாரு வீடு மிஸ்?"

"இந்த மரங்களுக்குள்ள இருக்கிறவங்கட வீடு."

அவர் மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையை இறக்கி வைத்தார். "மரத்துக்குள்ளயா? இருக்காங்க. எங்க மாமியா அந்தா அந்தக் கொய்யா மரம். எங்க சின்னம்மா ஆனைக்கொய்யா. கூப்புட்டா வரமாட்டாங்க."

நான் எங்கே நிற்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. மரத்தடிகளில் மண் மேடாக இருந்தது. ஓரங்களில் கல் பதித்திருந்தது. மரியாதையாகப் பாதைக்கு நகர்ந்துகொண்டேன்.

"பரவால்ல, நில்லுங்க. அது எங்க மாமாதான், நல்ல மனுசன்."

"ஏன் இங்க மட்டும் இவ்வளவு மரம்?"

"வேற எங்க வைக்கிறது? லயத்து வாசல்ல மரம் வச்சா கணக்கப்பிள்ளை ஆள உட்டுப் புடுங்கிருவாரு. கீர போடலாம், அவரக்கா போடலாம். வேரு விடுற எதுவும் ஆகாது. மரம் வச்சா எடம் எங்களதுன்னு ஆயிருமாம். ஆனா பொணத்து மேல வச்ச மரத்த எவன் புடுங்குவான்? பேய் புடிச்சிறாது? அதனால யாராச்சும் செத்தா, அழுதுகிட்டே என்ன மரம் வைக்கலாம்னு பேசிருவோம்."

"பழம் சாப்பிடுவீங்களா?"

"சாப்புடாம? மாமியா உசுரோட இருந்தப்ப ஒரு வெத்தல குடுத்ததில்ல. இப்பத்தான் குடுக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. இடத்தை நினைத்து அடக்கினேன். பாக்கியம் அடக்கவில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் சற்றுக் கீழே இருந்தன. துருப்பிடித்த தகரக் கூரை, ஒரே வரிசையாக அறைகள், முன்னால் வெறும் மண் வாசல். படத்தை விரித்துத் தேடினேன். அந்த இடத்தில் ஐதான தேயிலையின் வெளிறிய நிறம் மட்டுமே இருந்தது. மரமில்லாத மனிதர்கள் செய்மதிக்குத் தேயிலையாகத் தெரிந்தார்கள்.

"மிஸ், மேல புல்லு மலையில பைனஸ் வைக்கப் போறாங்களாமே, நெசமா?" பாக்கியத்தின் குரலில் இப்போது பகிடி இல்லை. "கணக்கப்பிள்ளை சொல்றாரு. பைனஸ் வந்தா இந்தப் பிரிவையே மூடிட்டு எங்களப் பிரிச்சு வேற வேற தோட்டத்துக்கு அனுப்புவாங்களாம். மலையில இருந்துதான் எங்க பீலிக்குத் தண்ணி வருது. அக்கா கட்டிக்கிட்டுப் போன தோட்டத்துல பைனஸ் வச்சாங்க. பீலி காஞ்சிருச்சு. இப்ப அவ தண்ணிக்கி ஒரு மலை எறங்கி ஏர்றா."

நான் படத்தைச் சுருட்டினேன். நிலைமை என் தலைக்குள் வரிசையாக நின்றது. ஒன்று: வீட்டுத்தோட்டம் என்று எழுதியது பிழை. இரண்டு: பிழையைத் திருத்துவது என் வேலை. மூன்று: திருத்தினால் கீழ்ப்பிரிவில் வரைபடப்படி ஒரு மனிதரும் இல்லை. நான்காவதாக எழுத எதுவும் வரவில்லை.

மறுநாள் காலை இளையதம்பி சேரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"சேர், கீழ்ப்பிரிவில நாங்க போட்டது வீட்டுத்தோட்டமில்ல. மையவாடி."

"அதென்ன பிள்ளை, மையவாடி?"

"மையத்து அடக்குற இடம். செத்தவங்க."

"அப்ப அழியும்." அழிறப்பர் கீழ்ப்பிரிவின்மேல் வந்து உட்கார்ந்தது.

"அழிச்சா அங்க குடியிருப்பே இல்லாமப் போயிரும் சேர். பைன் வந்துரும்."

"குடியிருப்பு இருக்கோ?"

"இருக்கு. லயம். நிறையக் குடும்பம். ஆனா படத்தில தெரியாது. தீக்குச்சித் தலை அளவுக்கும் வராது."

"வராட்டித் தேயிலையோட சேரும். அதுதானே விதி."

நான் விரலை மேலே நகர்த்தினேன். "இது என்ன சேர்?"

"உது துரையின்ர பங்களா. வடிவாத் தெரியுது. சைப்பிரஸ், பூந்தோட்டம், எல்லாம் இருக்கு. குடியிருப்பு."

"அதுக்குள்ள துரையும் துரைசாணியும் ரெண்டு நாயும்தான் சேர்."

"நாய் எங்கட வகைப்படுத்தலில வராது" என்றார். ஆனால் பென்சிலைக் கீழே வைத்தார். வரிசைக்கு வெளியே வைத்தார். அது நல்ல அடையாளம்.

பிறகு அலுமாரியைத் திறந்து வகைப்படுத்தல் கைநூலை எடுத்தார். குடியிருப்பு என்ற வகைக்கு அதில் இருந்த விளக்கத்தை உரத்து வாசித்தார்: வீடுகளும், அவற்றைச் சேர்ந்தவர்கள் பேணும் மரப்பயிர் நிலமும். மறுபடியும் வாசித்தார். "மரம் இருக்கு. பேணுகினமோ?"

"பேணுறாங்க. பழமும் சாப்பிடுறாங்க."

"வீடு இருக்கு. மரம் இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்டோடை ஒண்டு சேர்ந்ததோ எண்டு தெரியவேணும். நீர் சொன்னீர் எண்டு நான் கையெழுத்து வைக்கேலாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குணதாசவை வரச்சொல்லும். நான் போய்ப் பாக்கவேணும்."

காரியாலயம் எழுந்து நின்று பார்த்தது. இளையதம்பி சேர் வெளிக்களத்துக்குப் போகிறார்!

கையில் எலுமிச்சம்பழத்தோடு முன் ஆசனத்தில் ஏறினார். வளைவுகளைப் பற்றி விவரிக்கமாட்டேன். எலுமிச்சம்பழம் தோற்றுப்போனது என்பதோடு நிறுத்துகிறேன். தோட்டத்தின் பங்களாவில் அதன் முகாமையாளரான துரை தேநீர் தந்தார், ஆங்கிலத்தில் ஆறுதலும் சொன்னார். கீழ்ப்பிரிவில் பார்க்க ஒன்றுமில்லை, புதரும் சில தொழிலாளரும்தான் என்றார். விறாந்தையிலிருந்து பார்த்தால் அது உண்மையாகவே தோன்றியது. எந்தக் காலத்துத் துரையோ அந்தப் பக்கம் சைப்பிரஸ் மரங்களை வேலிபோல நட்டிருந்தார். லயம் கண்ணில் படாது. எங்கள் செய்மதிக்கும் அந்த விறாந்தைக்கும் பார்வை ஒன்றாகவே இருந்தது.

"சில எண்டா எத்தினை?" என்று சேர் கேட்டார். துரை பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சேர் தேநீரை முடிக்காமல் எழுந்தார். வயிறு காரணமாகவும் இருக்கலாம்.

லயத்து வாசலில் பாக்கியமும் இன்னும் பத்துப் பேரும் சூழ்ந்துகொண்டார்கள். சேர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கடைசி லயத்தின் சுவரிலிருந்து அடி வைத்து நடக்கத் தொடங்கினார். சப்பாத்துக் குதிகால் முந்திய சப்பாத்தின் நுனியைத் தொடும்படி, ஒவ்வோர் அடியாக. கூட்டம் பின்னால் நடந்தது. ஊர்வலம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு நாயும் சேர்ந்துகொண்டது. முதலாவது கொய்யா மரத்தில் நின்றார்.

"இந்தப் பாதை எதுக்குப் பாவிக்கிறனீங்கள்?"

"பொணம் தூக்கிட்டுப் போறதுக்குங்க" என்றார் பாக்கியம்.

"வேறை ஒண்டுக்கும் இல்லையோ?"

"கொய்யா புடுங்கப் போவோம். வெறகு பொறுக்கப் போவோம். வீட்டுல சண்டன்னா எங்க வீட்டுக்காரரு அங்க போய் அவங்கம்மாகிட்ட உக்காந்துக்குவாரு."

"கிழமைக்கு எத்தினை தரம்?"

"சண்டையாங்க? அது தெனமுங்க."

சேர் குறிப்பில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். "பாதை: நாளாந்தப் பாவனையில் உள்ளது."

அப்போது பாக்கியம் படத்தைப் பிடித்து இழுத்தார். "இதுல எங்க லயத்தக் காட்டுங்க சார்."

சேர் காட்டவில்லை. காட்ட ஒன்றுமில்லை. பாக்கியமே விரலை ஓடவிட்டுப் பங்களாவைக் கண்டுபிடித்தார். அதன் மரங்கள் நன்றாகத் தெரிந்தன. பிறகு இடுகாட்டைக் கண்டுபிடித்தார். "அட, மாமியா இருக்கு. நாங்க இருக்கோமா இல்லையா சார்?"

"இருக்கிறியள்" என்றார் சேர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "ஆனா மெல்லிசா."

"பட்டினி போட்டா மெல்லிசாத்தான் இருப்போம்" என்று பின்னால் யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. லயத்து வாசலின் வெறும் மண்ணையும் மேலேயிருந்த மரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் இங்கே மரமில்லை என்று கேட்டார். பாக்கியம் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். சேர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இது இவையின்ர வீட்டுத்தோட்டம்தான் பிள்ளை. வீட்டிலயிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கு. அவ்வளவுதான்."

மேலே ஏறி வந்ததும், ஜீப்பின் முகப்பில் தாளை விரித்து, லயங்களையும் பாதையையும் இடுகாட்டையும் ஒரே கோட்டுக்குள் அடக்கி வரைந்தார். லயங்கள் மட்டுமென்றால் தீக்குச்சித் தலைக்கு எட்டாது. இறந்தவர்களையும் சேர்த்ததும் தாராளமாக எட்டியது. உள்ளே குடியிருப்புக் குறியீட்டை எழுதிக் கையெழுத்தும் வைத்தார். திரும்பும் வழியில் வாந்தி எடுத்தார். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கணினியை மறந்துவிட்டேன்.

கணினியில் ஏற்றும்போது வரைபடத்தை ஒரு பலகையில் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் கையால் தொடர்ந்து போக வேண்டும். மிக நெருக்கமாக ஓடும் இரண்டு கோடுகளைக் கணினி, கை நடுங்கியதால் வந்த தவறு என்று முடிவு செய்து தானாகவே ஒன்றாக்கிவிடும். லயத்துக்கும் இடுகாட்டுக்கும் நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையின் இரு கரைகளும் அப்படி ஒட்டிக்கொண்டன. ஒரு திட்டு இரண்டாகப் பிரிந்தது. லயத் துண்டு அளவுக்குச் சிறியதானதால் அடுத்த கட்டளையில் தேயிலைக்குள் கரைந்துபோனது. திரையில் மிஞ்சியது இடுகாடு மட்டும். கீழ்ப்பிரிவு மக்களைத் துரைகூட அவ்வளவு சுத்தமாக அப்புறப்படுத்தியிருக்கமாட்டார்.

சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாதையை அகலமாக்கும்."

"அது ஒராள் நடக்கிற பாதை சேர்."

"பிரேதத்தை எத்தினை பேர் தூக்கினம்?"

"நாலு பேர்."

"ரெண்டு ரெண்டாத்தானே போவினம்? பின்னால பறை, சொந்தக்காரர், கண்டறியாத நாய். ஒற்றையடியில எப்பிடி அடங்கும்? பாவனைக்கு ஏற்ற அகலம் போடும் பிள்ளை."

போட்டேன். கணினி ஏற்றுக்கொண்டது.

கச்சேரியில் குழு கூடியது. அங்கே கூட்டம் மூன்று மொழிகளில் நடக்கும். கோபம் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கீழ்ப்பிரிவு வந்ததும் துரை எழுந்து, அந்தக் குடியிருப்பில் பெரும்பகுதி இடுகாடு என்றார். தலைவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். பிழை என்று சொன்னால் அன்றே கோடு அழியும். அடுத்த மழைக்குப் பைன் கன்றுகள் வரும். பாக்கியமும் மற்றவர்களும் வேறு வேறு லொறிகளில் ஏறுவார்கள்.

சேர் எழுந்தார். கைநூலை விரித்து விளக்கத்தை வாசித்தார். வீடு இருக்கிறது, மரம் இருக்கிறது, பேணுகிறார்கள், பாதை நாளாந்தம் பாவிக்கப்படுகிறது. தாமே நேரில் பார்த்ததாகச் சொன்னார். பிறகு துரையின் பக்கம் திரும்பி, ஒரு மக்கள் கூட்டம் ஓரிடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது என்பதற்கு இடுகாட்டைவிட நல்ல அத்தாட்சி இருந்தால் தமக்குக் காட்டும்படி கேட்டார். "பலர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். இவர்கள் போகவில்லை. இனிப் போகவும் மாட்டார்கள்."

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சிவப்புப் பென்சிலால் பைன் எல்லையை மேற்சரிவுக்கு அப்பால் தள்ளிப் போட்டார். துரை தமது கோப்பை மூடினார். அவ்வளவுதான். ஒரு பென்சில் கோடு.

செய்தியைச் சொல்ல நானே போனேன். பீலியடியில் பாக்கியம் குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார். பைன் வராது, யாரும் போகவேண்டியதில்லை என்றேன். சாம்பல் கையாலேயே என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். பிறகு யோசித்தபடி கேட்டார்:

"படத்துல இப்ப எங்க வாசல்ல என்னன்னு போட்டிருக்கு?"

"வீட்டுத்தோட்டம்."

"மரத்தோடயா?"

"மரத்தோடதான்."

"அப்பிடியா" என்று மட்டும் சொன்னார்.

மழை தொடங்கிய மாதத்தில் துரை எங்கள் காரியாலயத்துக்கே வந்துவிட்டார். கீழ்ப்பிரிவில் லயத்து வாசலெல்லாம் மரக்கன்று நடுகிறார்கள். பிடுங்கப் போன கணக்கப்பிள்ளையிடம் ஒரு பெண், அரசாங்கப் படத்தில் இங்கே மரம் இருக்கிறது, சந்தேகமானால் பதுளையில் போய்க் கேள் என்று சொல்லியிருக்கிறாள். வரைபடத்தை உடனே திருத்த வேண்டும் என்று துரை மேசையில் தட்டினார். பென்சில்கள் துள்ளின.

சேர் பென்சில்களை மறுபடி வரிசையாக்கினார். அதற்குச் சற்று நேரம் எடுத்தது. பிறகு ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: எங்கள் வரைபடம் குழுவால் ஏற்கப்பட்ட அரசாங்க ஆவணம். அதில் அந்த இடத்தில் மரம் இருக்கிறது. தாங்கள் மரத்தைப் பிடுங்கினால் வரைபடம் பிழையாகிவிடும். அரசாங்க வரைபடத்தைப் பிழையாக்கியவர் யார் என்று நான் அறிக்கை எழுத நேரிடும். அதைத் தாங்கள் விரும்புவீர்களா?

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

முறைப்பாடு வந்தால் நேரில் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்பது நடைமுறை. சேர் என்னைப் போகச் சொன்னார். தாம் வரவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

லயத்து வாசல்தோறும் கன்றுகள் நின்றன. முழங்காலுக்கும் எட்டாத உயரம். ஆடு கடிக்காமலிருக்க, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளால் ஒவ்வொன்றையும் சுற்றிக் கூடு கட்டியிருந்தார்கள். செய்மதிக்கு இவை தெரிய இன்னும் எத்தனையோ வருடம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு படிவத்தில் "மரப்பயிர்: உண்டு" என்று எழுதினேன்.

பாக்கியம் தன் வாசலில் நின்ற தோடம்பழக் கன்றுக்கு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது யாருடையது என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"யாருடையதுமில்ல மிஸ்" என்றார். "எங்க பிரிவுல யாரும் சாகாம வச்ச மொத மரம் இது."